ஒரே கார், இரண்டு எஸ்டிமேட், 53 சிவப்பு வரிகள்

கேள்வி: இன்சூரன்ஸ் கம்பெனியின் மோட்டார் கிளெய்ம் பிரிவில் சேர்ந்து 8 மாதம் ஆகிறது. முன்பக்கம் இடித்த ஒரு காருக்கு ஒர்க்ஷாப் போட்ட எஸ்டிமேட்டும் சேதத்தை மதிப்பிடும் எங்கள் சர்வேயர் போட்ட எஸ்டிமேட்டும் சாப்ட்வேரில் இருக்கின்றன. ஒப்பிடும் திரையைத் திறந்தால் 53 வரிகள் சிவப்பில் நிற்கின்றன. மொத்தத்தில் ஒர்க்ஷாப்பின் தொகை 38 சதவீதம் அதிகம். இடது ஃபெண்டரை (முன் சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகட்டை) மாற்ற வேண்டும் என்கிறது ஒர்க்ஷாப். 4 மணி நேரம் டிங்கரிங் செய்தால் போதும் என்கிறார் சர்வேயர். ஹெட்லைட்டை இருவருமே மாற்றுகிறார்கள், ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. வரி வரியாகப் பார்த்து அரை நாள் போய்விட்டது. வித்தியாசம் எங்கே, ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்கிறார் மேலாளர். ஒர்க்ஷாப் கூட்டிப் போட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகையைப் போட்டு முடித்துவிடு என்கிறார் பக்கத்து சீட்டில் இருப்பவர். அது சரியா?

பதில்: வணக்கம். வண்டி சேதம் மதிப்பிடும் வேலையில் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் தொலைத்த அந்த அரை நாளை நானும் பலமுறை தொலைத்திருக்கிறேன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன், 53 சிவப்பு வரி என்றால் 53 வித்தியாசம் என்று அர்த்தமில்லை. முன்பக்க மோதலில் பெரும்பாலும் மூன்று நான்கு இடங்களில்தான் இருவரும் வேறு வேறு முடிவு எடுத்திருப்பார்கள். மீதி வரிகள் எல்லாம் அந்த முடிவுகளைத் தொடர்ந்து வந்தவை. நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது அந்த மூன்று நான்கு முடிவுகளைத்தான்.

சாப்ட்வேர் எப்படி ஒப்பிடுகிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும். எஸ்டிமேட்டின் ஒவ்வொரு வரியிலும் பாகத்தின் குறியீடு, என்ன வேலை என்ற குறி (மாற்றுவது, கழற்றி மாட்டுவது, சரிசெய்வது, பெயின்ட் அடிப்பது), பார்ட் நம்பர், விலை, லேபர் நேரம் இவை இருக்கும். ஒப்பிடும் திரை, குறியீடும் வேலையும் இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று தேடும். பொருந்தி, தொகையும் ஒன்றானால் விட்டுவிடும். பொருந்தி, தொகை மாறினால் சிவப்பு. பொருந்தவே இல்லை என்றாலும் சிவப்பு. ஒருவர் முன் பம்பரை முழு செட்டாக ஒரே வரியில் போட்டிருப்பார். இன்னொருவர் பம்பர் கவர், உள்ளே இருக்கும் ஃபோம், அதன் பின்னால் இருக்கும் இரும்பு பீம், கிரில், பிராக்கெட், கிளிப்புகள் என்று பிரித்துப் போட்டிருப்பார். இரண்டும் ஒரே வேலைதான், தொகைகூடக் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கலாம். ஆனால் திரையில் ஏழெட்டு வரி சிவப்பாகிவிடும். அதற்கு வரிகள்தான் தெரியும், வண்டி தெரியாது.

அதனால் வரிகளுக்குள் இறங்குவதற்கு முன்னால், இரண்டு எஸ்டிமேட்டும் ஒப்பிடத் தகுந்தவையா என்று பாருங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

சேசிஸ் நம்பர் இரண்டிலும் ஒன்றுதானா? 17 எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் சேசிஸ் நம்பரில் வரவே கூடாது. 1, 0 என்ற எண்களோடு குழம்பும் என்பதால்தான் அவற்றை விட்டுவிட்டார்கள். யாராவது கையால் தட்டச்சு செய்து அந்த எழுத்துகளில் ஒன்று நுழைந்திருந்தால், எஸ்டிமேட் வேறு வண்டிக்குப் போடப்பட்டிருக்க வாய்ப்புண்டு. நம்பர் சரியாக இருந்தாலும், அதை வைத்து சாப்ட்வேர் எல்லா வசதிகளையும் கண்டுபிடித்துவிடாது. எந்த வேரியன்ட், என்ன விளக்கு, பார்க்கிங் சென்சார் உண்டா என்பதை எஸ்டிமேட் போடுபவர் டிக் செய்ய வேண்டியிருக்கும். உங்கள் ஹெட்லைட் விஷயம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு மடங்கு வித்தியாசம் பேரத்தில் வருவது அரிது. ஒருவர் ஹாலஜன் விளக்கையும் இன்னொருவர் எல்இடி விளக்கையும் தேர்ந்தெடுத்தால் வரும். இரண்டு பார்ட் நம்பரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறாக இருந்தால், கழற்றிய பழைய விளக்கின் பின்புற ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்ட் நம்பர் அதிலேயே அச்சாகியிருக்கும், வாதத்துக்கு இடமே இல்லை. பார்ட் நம்பர் ஒன்றாகவே இருந்து விலை மட்டும் மாறினால், ஒருவர் கம்பெனி ஒரிஜினல் புதியதையும் மற்றவர் வெளிக் கம்பெனி தயாரிப்பையோ பழைய வண்டியில் கழற்றியதையோ போட்டிருக்கலாம். பாக வகை என்று ஒரு கட்டம் இருக்கும், பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

அடுத்து, எந்தப் பதிப்பை எதோடு ஒப்பிடுகிறீர்கள்? ஒர்க்ஷாப் வண்டியைப் பிரித்துப் பார்த்த பிறகு போட்ட சப்ளிமென்ட்டை (கூடுதல் எஸ்டிமேட்டை), சர்வேயர் முதல் நாள் வெளியிலிருந்து பார்த்துப் போட்டதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் வராமல் எப்படி இருக்கும்? இதைக் கவனிக்காமல் ஒர்க்ஷாப்பைத் திட்டுபவர்கள் நிறைய. விலைப் பட்டியலின் தேதியையும் பாருங்கள். பார்ட்ஸ் விலை தரவுத்தளத்தில் அவ்வப்போது புதுப்பிக்கப்படும். இரண்டு எஸ்டிமேட்டுக்கும் நடுவே ஒரு புதுப்பிப்பு நடந்திருந்தால், ஒன்றுமே மாறாத வரிகள்கூடச் சில்லறை வித்தியாசத்தில் சிவப்பாகும். இப்போதைய தரவில் இரண்டையும் மறுபடி கணக்கிடச் சொன்னால் அந்தச் சிவப்பு ஒரே நொடியில் போய்விடும்.

அப்புறம் லேபர் அலகு. சில அமைப்புகளில் நேரம் மணியின் பத்தில் ஒரு பங்காக வரும், 0.1 என்றால் 6 நிமிடம். ஆடாடெக்ஸ், டிஏடி போன்ற எஸ்டிமேட் சாப்ட்வேர்களில் கார் தயாரிப்பாளரின் வேலை அலகே வரலாம். ஒரு மணிக்கு 10 அலகு, 12 அலகு, 100 அலகு என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 24 அலகு என்பது ஒரு கணக்கில் 2 மணி, இன்னொரு கணக்கில் கால் மணிக்கும் குறைவு. மணியாக மாற்றிவிட்டுத்தான் பேச வேண்டும். கடைசியாக, தேய்மானமும் உரிமையாளர் ஏற்க வேண்டிய தொகையும் கழித்த நிகரத்தை, எதுவும் கழிக்காத மொத்தத்தோடு ஒப்பிட்டு விடாதீர்கள். அரசு வரி, கழிவு எல்லாவற்றுக்கும் முந்தைய தொகையில் ஒப்பிடுங்கள். உங்கள் 38 சதவீதம் எந்தத் தொகையில் வந்தது என்று கடிதத்தில் இல்லை. அதை முதலில் பாருங்கள்.

இரண்டு எஸ்டிமேட்டும் வேறு வேறு சாப்ட்வேரில் போடப்பட்டு உங்கள் கிளெய்ம் சாப்ட்வேருக்குள் வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. சிசிசி, மிட்செல், ஆடாடெக்ஸ் என்ற எஸ்டிமேட் சாப்ட்வேர்களுக்கு எந்த நேரத்துக்குள் எந்த வேலை அடக்கம் என்ற விதிகள் தனித்தனி. ஃபெண்டர் மாற்றும் நேரத்துக்குள் உள் பிளாஸ்டிக்கைக் கழற்றுவது ஒன்றில் சேர்ந்திருக்கலாம், இன்னொன்றில் தனி வரியாகப் போட வேண்டியிருக்கலாம். இந்தத் துறையின் தரவுப் பரிமாற்றத்துக்கு விதி வகுக்கும் சிஐஇசிஏ போன்ற அமைப்புகள் தந்த பொது வடிவத்தில் தரவு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் சுத்தமாக வந்து சேரும், ஆனால் உள்ளடக்கத்தின் அர்த்தத்தை அது ஒன்றாக்காது. அப்படிப்பட்ட ஜோடியை வரிக்கு வரி ஒப்பிடவே கூடாது. ஒரு பேனலுக்கு ஆகும் மொத்தத்தை எடுத்து ஒப்பிட வேண்டும்.

சொல்லப்போனால், ஒரே சாப்ட்வேரில் போட்டவற்றுக்கும் நான் அதைத்தான் சொல்வேன். வரிகளை எக்செல்லுக்கு எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தப் பகுதி என்று எழுதுங்கள்: முன் பம்பர், இடது விளக்கு, இடது ஃபெண்டர், பானெட், ரேடியேட்டர் பகுதி, இடது முன் கதவு. பிறகு பகுதிவாரியாகக் கூட்டுங்கள். உங்கள் 38 சதவீதம் இரண்டு மூன்று பகுதிகளில் போய் உட்கார்ந்திருப்பது கண்ணெதிரே தெரியும்.

இப்போது ஃபெண்டருக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் 53 வரிகளில் ஒரு பெரிய பங்கு இந்த ஒரே முடிவிலிருந்து வந்திருக்கும்.

மாற்றுவது என்று ஒர்க்ஷாப் முடிவு செய்தவுடன் என்னென்ன வரும் என்று பாருங்கள். புது ஃபெண்டரின் விலை. மாற்றும் நேரம். வெளிப்பக்கத்துக்கு பெயின்ட். புதுத் தகடு என்பதால் உள் விளிம்புகளுக்கும் பெயின்ட். மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு. துருத் தடுப்பு. சக்கரத்துக்கு மேல் இருக்கும் உள் பிளாஸ்டிக்கைக் கழற்றி மாட்டுவது. நிறம் பக்கத்துப் பேனலோடு கலந்து போக வேண்டும் என்று முன் கதவுக்கு பிளெண்டிங். கதவுக்கு பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் அதன் கைப்பிடி, கண்ணாடி, ஜன்னலோர பீடிங் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பத்துக்கு மேல் வரிகள் ஆகிவிட்டன. சர்வேயர் பக்கத்தில் 4 மணி டிங்கரிங், வெளிப்பக்க பெயின்ட், கிளியர் கோட், அவ்வளவுதான். இந்த வரிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்தால் உங்கள் நாள் முழுக்கப் போகும். ஃபெண்டரை மாற்றுவதா, தட்டி எடுப்பதா என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைத்தால் இவை எல்லாம் தானாக ஒரு பக்கம் சாயும்.

தட்டி எடுப்பது லாபமா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 4 மணி லேபரை அந்த ஒர்க்ஷாப்பின் மணி விகிதத்தால் பெருக்குங்கள். இன்னொரு பக்கம் ஃபெண்டர் விலை, மாற்றும் நேரம், உள் விளிம்பு பெயின்ட் மூன்றையும் கூட்டுங்கள். முன் ஃபெண்டர் பெரும்பாலான கார்களில் போல்ட்டில் மாட்டப்பட்டது. கதவுக்குப் பின்னால் வரும் பேனல் போல வெல்டிங் செய்து ஒட்டியதல்ல. அதனால் அதை மாற்றுவது பெரிய வேலை இல்லை. பல நேரம் இரண்டு கணக்குக்கும் நடுவே சொற்ப வித்தியாசம்தான் நிற்கும். அலுமினியத் தகடு என்றால் தட்டும் நேரம் இன்னும் கூடும். நசுங்கல் தட்டையான இடத்தில் இருக்கிறதா, ஃபெண்டரின் நீளவாட்டில் ஓடும் மடிப்புக் கோட்டில் இருக்கிறதா என்பதும் முக்கியம். மடிப்புக் கோடு மடங்கிவிட்டால் அதைப் பழைய கூர்மைக்குக் கொண்டுவர அனுபவசாலிக்கே நேரம் பிடிக்கும். சர்வேயர் எழுதிய 4 மணி தரவுத்தளம் தந்த எண் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். மாற்றும் நேரத்துக்குத்தான் பட்டியல் உண்டு. தட்டி நேராக்கும் நேரம் முழுக்க முழுக்க மனிதரின் கணிப்பு.

கதவு பிளெண்டிங் பற்றி ஒரு வார்த்தை. ஃபெண்டரை மாற்றினால்தான் அது வரும் என்று இரண்டு பக்கமும் நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அப்படியில்லை. நசுங்கல் விளக்குக்குப் பக்கத்தில், ஃபெண்டரின் முன் நுனியில் இருந்தால், தட்டி எடுத்து நிறத்தை ஃபெண்டருக்குள்ளேயே கரைத்துவிடலாம், கதவைத் தொட வேண்டாம். கதவுக்கு நெருங்கிய பகுதியில் இருந்து, நிறமும் மெட்டாலிக் என்றால், தட்டி எடுத்தாலும் கதவுக்கு பிளெண்டிங் வேண்டும். அப்போது குறை சர்வேயரின் எஸ்டிமேட்டில் இருக்கிறது. தொகை குறைந்த எஸ்டிமேட்டில் விட்டுப்போனவற்றையும் தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒப்பிடுவது என்றால் கூடுதலாக இருப்பதை வெட்டுவது என்று ஒரு பழக்கம் அலுவலகங்களில் வேரூன்றிவிட்டது. அது பாதி வேலை மட்டுமே.

பெயின்ட் வரிகளில் இன்னொன்று: ஒன்றுக்கு மேற்பட்ட பேனல்களுக்கு பெயின்ட் அடித்தால், அதற்கு முந்தைய தயார்ப்படுத்தும் வேலை சேர்ந்தே நடக்கும் என்பதால் சாப்ட்வேர் தானாகக் கொஞ்சம் நேரத்தைக் கழிக்கும். ஒட்டியிருக்கும் பேனலுக்கு 0.4 மணி, ஒட்டாத பேனலுக்கு 0.2 மணி என்று கழிக்கும் தரவுத்தளங்கள் உண்டு. யாராவது அந்த நேரத்தைக் கையால் மாற்றி எழுதினாலோ, தனி வரியாகத் தட்டச்சு செய்தாலோ இந்தக் கழிவு விழாமல் போகலாம். கையால் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமோ வேறு குறியோ இருக்கும். ஒர்க்ஷாப் கூட்டிப் போட்டிருக்கிறதா என்று கேட்டீர்களே, தேட வேண்டிய முதல் இடம் இந்தக் குறி உள்ள வரிகள்தான். குறி இருந்தாலே தப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தரவுத்தளத்தில் இல்லாத நியாயமான வேலைகளும் கையால்தான் எழுதப்படும். ஆனால் கையால் எழுதியவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். அது சர்வேயருக்கும் பொருந்தும். ஒரே வேலை ஒரு இடத்தில் அடக்கமாகவும் இன்னொரு இடத்தில் தனி வரியாகவும் இருமுறை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பம்பரைக் கழற்றி மாட்டுவது அப்படி அடிக்கடி இரண்டு தடவை வரும்: பம்பர் வேலையில் ஒன்று, விளக்கு வேலையில் ஒன்று.

சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு வெட்டை உங்களுக்குச் சொல்ல வேண்டும். போட்டோவில் பம்பர் கவரில் கீறலும் லேசான குழியும்தான் தெரிந்தன. ஒர்க்ஷாப் உள்ளே இருக்கும் ஃபோமையும் இரும்பு பீமையும் மாற்றக் கேட்டிருந்தது. வெளியே ஒன்றுமே இல்லையே என்று இரண்டையும் வெட்டினேன். பிளாஸ்டிக் கவர் அடி வாங்கி உள்ளே போய்த் திரும்ப எழும்பிவிடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஒர்க்ஷாப் கவரைக் கழற்றி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டது. ஃபோம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. பீமின் மேல் ஒரு ஸ்கேலை வைத்தார் அங்கிருந்த மெக்கானிக். ஸ்கேலுக்கும் பீமுக்கும் நடுவே என் விரல் நுழைந்தது. அந்த பீமோடு கார் வெளியே போயிருந்தால் அடுத்த மோதலில் உள்ளே இருப்பவர்களை எது காப்பாற்றியிருக்கும்? அன்றிலிருந்து, உள்ளே இருக்கும் பாகத்தை வெளி போட்டோவை வைத்து நான் வெட்டியதில்லை. பிரித்த பிறகு எடுத்த போட்டோவைக் கேட்கிறேன், காத்திருக்கிறேன்.

அதே காரணத்துக்காக, ஒர்க்ஷாப் எஸ்டிமேட்டில் ஸ்கேன், கேமரா அல்லது ராடார் காலிபரேஷன் (சரியான திசையைப் பார்க்கும்படி அமைப்பது) என்று வரி இருந்தால், கம்ப்யூட்டர் மாட்டிப் பார்ப்பதற்கு எதற்குக் காசு என்று வெட்டிவிடாதீர்கள். தானாக பிரேக் பிடிக்கும் வசதி உள்ள கார்களில் ராடார் பெரும்பாலும் முன் பம்பருக்கோ கிரில்லுக்கோ பின்னால்தான் இருக்கும். அது கொஞ்சம் திரும்பியிருந்தாலும் தூரத்தில் பார்க்கும் இடம் வெகுவாக விலகிவிடும். அந்த காருக்கு அந்த வசதி உண்டா, தயாரிப்பாளரின் ரிப்பேர் கையேடு காலிபரேஷன் கேட்கிறதா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால், அதை விட்ட எஸ்டிமேட்தான் திருத்தப்பட வேண்டும்.

நடுவில் ஒரு தொகை போடுவது பற்றி: வேண்டாம். ஃபெண்டரைப் பாதி மாற்ற முடியாது. நடுத்தொகைக்கு எந்த வேலைப் பட்டியலும் பொருந்தாது. ஒர்க்ஷாப் அந்தப் பணத்துக்குள் எதையாவது விட்டுவிட்டுத்தான் முடிக்கும். எதை விட்டது என்று உங்களுக்கும் தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது. அடுத்த முறை அந்த ஒர்க்ஷாப் வெட்டு விழும் என்று எதிர்பார்த்துக் கூட்டியே போடும். நீங்கள் பயந்த கூட்டிப்போடுவதை நாமே சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

மேலாளருக்கு எழுதும் பக்கத்தில் வரி எண்களே வேண்டாம். பகுதி, யார் என்ன முடிவு எடுத்தார், அதனால் எத்தனை சதவீதம், எந்த ஆதாரம் யார் பக்கம் என்று மட்டும் எழுதுங்கள். உதாரணமாக இப்படி: “இடது ஃபெண்டர். ஒர்க்ஷாப் மாற்றுகிறது, சர்வேயர் 4 மணி தட்டி நேராக்குகிறார். மொத்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி இதில். மடிப்புக் கோடு மடங்கியிருப்பதாகப் போட்டோவில் தெரிகிறது, கிட்டத்தில் எடுத்த போட்டோ கேட்டிருக்கிறேன்.” விளக்குக்கு இரண்டு வாக்கியம், பம்பருக்கு இரண்டு வாக்கியம். பதிப்பாலும் விலைத் தேதியாலும் வந்தவற்றை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடலாம். காரின் மதிப்புக்கு அருகில் தொகை போகிறது என்றால் அதை மட்டும் முதல் வரியில் எழுதுங்கள். டோட்டல் லாஸா, அதாவது ரிப்பேர் செய்வதே கட்டுப்படியாகாதா என்ற கேள்வி வந்துவிட்டால் மற்ற வாதங்களுக்கு வேலையில்லை.

இன்றே ஒர்க்ஷாப்பில் எஸ்டிமேட் போட்டவரை போனில் கூப்பிடுங்கள். ஏன் இவ்வளவு அதிகம் என்று தொடங்க வேண்டாம். “ஃபெண்டரின் மடிப்புக் கோட்டின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஹெட்லைட்டின் ஸ்டிக்கரையும் சேர்த்து அனுப்புங்கள்” என்று மட்டும் கேளுங்கள். சர்வேயருக்கும் அதே போட்டோக்களை அனுப்புங்கள். அவை வரும்வரை அந்த இரண்டு பகுதிகளை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, இருவரும் ஒத்துப்போகும் மற்ற பாகங்களுக்கு அனுமதி கொடுத்துவிடலாம். பார்ட்ஸ் ஆர்டர் இன்றைக்கே போய்விடும், ஒர்க்ஷாப் வாசலில் அந்தக் கார் வெறுமனே நிற்கும் நாட்கள் குறையும்.